கேட்பதில் அவசரம், தெரிவிப்பதில் தயக்கம்: நகரக் குழந்தைகளிடையே பணியாற்றும் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டியுள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் மாலை நேர வகுப்பு எடுக்கச் செல்லும் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் எண்ணத்துடனேயே போகிறார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. பெற்றோரில் பலர் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் இன்னும் பழைய இடத்துக்கே பேருந்தேறிப் போய், இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். பழைய தெருவில் பிள்ளையை ஒரு கண் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி இந்த அடுக்குமாடியில் வேறு எங்கோ இருக்கிறார், அல்லது இங்கு வரவே இல்லை. பள்ளி விட்டு வரும் குழந்தைக்கும் வேலை விட்டு வரும் தாய்க்கும் இடையிலான அந்த நான்கைந்து மணி நேரத்தில்தான் நம் வகுப்பு நடக்கிறது. ஆகவே, வீட்டிலும் தெருவிலும் நடக்கும் வன்முறையைப் பற்றி ஒரு குழந்தை முதன்முதலாக வாய் திறப்பது நம்மிடமாக இருக்கக்கூடும் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டுதான் இப்பணிக்குள் நுழைய வேண்டும்.

இந்தப் பணியில் என்னிடமும் பிறரிடமும் நான் திரும்பத் திரும்பக் கண்ட குறை ஒன்றுதான்: நிதானிக்க வேண்டிய இடத்தில் விரைகிறோம், விரைய வேண்டிய இடத்தில் தயங்குகிறோம். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

ஆபத்து வெளியாளிடமிருந்துதான் வரும் என்ற நினைப்பை முதலில் களைய வேண்டும். ‘தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே’ என்று வகுப்பில் சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் பேசியதில், 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறினர். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தையின் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பதற்கான போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளைப் பற்றிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளிலோ, குற்றம் சாட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் தெரிந்தவர்களே. அதே 2007 ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சிறுவர்கள். ஆண் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுச் சிறுமிகளை மட்டும் உட்காரவைத்து ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ வகுப்பு நடத்துவது எவ்வளவு பெரிய பிழை என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி, குழந்தை வாய் திறக்கும் அந்தக் கணத்துக்கு வருவோம். தவறுகள் மிகுதியாக நடப்பதும், அவற்றின் விலையைக் குழந்தை நெடுங்காலம் செலுத்துவதும் அங்கேதான். எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு சிறுமி பையை மாட்டாமல் நின்றுகொண்டிருக்கிறாள். “அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாத்தான் சொல்லுவேன்” என்கிறாள். அவளைப் பேசவைத்துவிட வேண்டும் என்ற துடிப்பில் நாம் சத்தியம் செய்துவிடுகிறோம். அடுத்த நாளே அந்தச் சத்தியத்தை மீற வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஒரு பெரியவரால் ஏமாற்றப்பட்ட குழந்தை இரண்டாம் முறை நம்மால் ஏமாற்றப்படுகிறாள். “அந்தச் சத்தியத்தை மட்டும் என்னால பண்ண முடியாது கண்ணு. உனக்கு உதவக்கூடிய ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட நான் சொல்ல வேண்டி வரலாம். ஆனா யார்கிட்ட சொன்னாலும் உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்” என்பதே நேர்மையான பதில். சில குழந்தைகள் அதைக் கேட்டு அன்றைக்குப் பேசாமல் போகக்கூடும். அடுத்த நாளும் அதே இடத்தில், அதே முகத்துடன் நாம் இருந்தால் திரும்பி வர வழி இருக்கும்.

குழந்தை பேசத் தொடங்கிவிட்டால், விசாரணை அதிகாரியாக மாறுவது அடுத்த தவறு. “மாமாதானே செஞ்சாரு?”, “இங்க தொட்டாரா?” என்று விடையை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்விகள் குழந்தையின் நினைவோடு நம் ஊகத்தையும் கலந்துவிடுகின்றன. பின்னாளில் நீதிமன்றத்தில், ‘இது சொல்லிக்கொடுக்கப்பட்ட வாக்குமூலம்’ என்று எதிர்த்தரப்பு வாதிட நாமே வழிசெய்து கொடுத்தவர்களாவோம். “என்ன நடந்துச்சு?”, “அப்புறம்?” என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் போதும். குழந்தைக்கு இப்போது பாதுகாப்பு இருக்கிறதா, இன்றிரவு அந்த ஆள் வீட்டில் இருப்பாரா என்பதைத் தெரிந்துகொண்டால் நம் பங்குக்கான செய்தி கிடைத்துவிட்டது. “இதை ஏன் முன்னாடியே சொல்லல?” என்ற கேள்வி மட்டும் எக்காரணம் கொண்டும் வரக்கூடாது. அது அக்கறையில் பிறந்த கேள்வியாகவே இருந்தாலும் குழந்தையின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். நம் முகத்தில் தெரியும் அதிர்ச்சியும் அப்படித்தான்: தான் சொன்னது நம்மை வருத்திவிட்டதென்று எண்ணி, சொன்னதையே பொய்யென்று திரும்பப் பெற்ற குழந்தைகள் உண்டு. அன்று மாலையே, குழந்தை பயன்படுத்திய சொற்களை அப்படியே, நம் விளக்கம் சேர்க்காமல், நாளும் நேரமும் குறித்து ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்யக்கூடாது. ஆதாரம் என்று எண்ணி எடுக்கும் அந்தப் பதிவு யார் கைக்கெல்லாம் போகும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை.

இதுவரை சொன்னது நிதானம் வேண்டிய இடம். இதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்’ என்பது இக்கடமையை நிறைவேற்றியதாகாது. ‘முழுமையாக உறுதி செய்துகொண்டு சொல்லலாம்’ என்று காத்திருப்பதும் தவறு. உறுதி செய்வது காவல்துறையின் வேலை. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று அதே 19ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது. அடி, பட்டினி, வேலைக்கு அனுப்புதல் போன்ற பிற கொடுமைகளுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. 1996இல் மும்பையில் தொடங்கப்பட்டு, 2023இல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்த இந்த எண்ணைக் குழந்தையே அழைக்கலாம். பள்ளியில் நடப்பதைத் தெரிவிக்கப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 உள்ளது.

காவல் நிலையத்தை நினைத்தே பலரும் தயங்குகிறார்கள். அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் சட்டத்தைப் படித்தவருக்கு அது குறையும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம். சம்பவம் அண்மையில் நடந்திருந்தால், குளிப்பாட்டி, உடையைத் துவைத்து, ஆசுவாசப்படுத்திவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல் நேரே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர சிகிச்சை தருவதற்கு நீதிபதியின் கடிதத்தையோ வேறு ஆவணத்தையோ முன்நிபந்தனையாக மருத்துவர் கேட்கக்கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளிலேயே உள்ளது. இந்த விதிகளை மனத்தில் வைத்திருக்கும் தன்னார்வலர் ஒருவர் பக்கத்தில் நின்றாலே நடைமுறை மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இடைப்பட்ட நேரத்தில் பகுதியின் பெரிய மனிதர்கள் வருவார்கள். “பொண்ணு வாழ்க்கை கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சிடலாம்” என்பார்கள். மருத்துவச் செலவு என்று ஒரு தொகையும் பேசப்படும். இந்தக் கட்டப்பஞ்சாயத்தில் சமாதானம் செய்பவராகப் போய் உட்காருவது, அது எவ்வளவு நல்ல நோக்கத்துடன் இருந்தாலும், குற்றவாளியின் பக்கம் உட்காருவதேயாகும். குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவரை நேரில் போய்த் தட்டிக்கேட்பதும் கூடாது. அது அவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுப்பதாகிவிடும். அன்றிரவு அந்தக் குழந்தைதான் அதே வீட்டில், அவர் எதிரில் இருக்கப்போகிறது. இரக்கத்தில் குழந்தையை நம் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவதும் தவறுதான். வீடு பாதுகாப்பற்றது என்றால் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, அக்குழந்தை எங்கே தங்குவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்தக் குழுமத்துக்கே உண்டு.

பதின்பருவத்தினர் விஷயத்தில் நம் மனச்சாய்வுகள் இன்னும் கூர்மையாக வெளிப்படுகின்றன. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஒரு பையனோடு பேசுகிறாள் என்று தெரிந்ததும் தாயிடம் போய்ச் சொல்லிவிடுகிறோம். அந்த வாரமே அவள் பள்ளி நின்றுவிடுகிறது. அடுத்த மாதம் ஊரில் அத்தை மகனோடு அவளுக்குத் திருமணம் நிச்சயம் ஆகிறது. பேச்சுப் பழக்கம் குற்றமல்ல. வற்புறுத்தலோ மிரட்டலோ, வயதில் மிக மூத்தவரின் பிடியோ இருக்கிறதா என்பதே நாம் உற்று நோக்க வேண்டியது. வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளில் போக்சோ சட்டம் பாயும்போது நேரும் கேடுகளைச் சென்னை உயர் நீதிமன்றமே 2021இல் கவலையுடன் சுட்டிக்காட்டியது. எனினும் சட்டத்தில் வயது வரம்பு இன்னும் 18தான். ஆகவே, பாலுறவு நிகழ்ந்திருப்பது தெரியவந்தால் தெரிவிக்கும் கடமை நீங்குவதில்லை. இந்தச் சிக்கலைத் தனியாகச் சுமக்காமல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உள்ள சட்ட அலுவலரிடம் உடனே கலந்துபேசுவது நல்லது.

பையன்களைப் பற்றி ஒரு சொல். முடியில் கோடு போட்டிருப்பவனை, பைக்கில் மூன்று பேராக வருபவனை, ‘இவன் புள்ளிங்கோ, இவனால் மற்றவர்கள் கெட்டுப்போவார்கள்’ என்று வகுப்பிலிருந்து விலக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு. கஞ்சாப் பொட்டலத்தை எடுத்துச் செல்லும் பதினான்கு வயதுச் சிறுவனைச் சட்டம் பிறரால் பயன்படுத்தப்பட்ட குழந்தையாகவும் பார்க்கிறது. அவனை அந்த வேலையில் இறக்கியவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. அவன் பிடிபட்டாலும் லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவனுடைய தாய் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைக்கக்கூடிய ஒரே ஆள் நாமாக இருக்கலாம். நாம் அவனை முன்பே விரட்டிவிட்டிருந்தால் அந்த அழைப்பு வராது.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, வசிக்கும் இடம் ஆகியவற்றை வெளியிடுவது போக்சோ 23, இளைஞர் நீதிச் சட்டம் 74 ஆகிய பிரிவுகளின்படி குற்றம். தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவும் வெளியிடம்தான். ‘நம் மையத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி நடந்தது, பிளாக் எண் இன்னது’ என்று எழுதினாலே அங்கிருப்பவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும்.

நம்மையும் விதிவிலக்காகக் கருதக்கூடாது. குழந்தைகளை அணுகும் வாய்ப்புக்காகவே தன்னார்வலராக வருபவர்கள் உண்டு. ஆள் கிடைத்தால் போதும் என்று பின்னணி விசாரிக்காமல் சேர்ப்பது, ஒரு குழந்தையோடு கதவு சாத்திய அறையில் தனியாக இருப்பது, ஒருவருக்கு மட்டும் பரிசு வாங்கித் தருவது, இரவில் தனிச் செய்தி அனுப்புவது ஆகியவற்றை எல்லோருக்கும் பொதுவாகத் தடுத்துவிட வேண்டும். ‘எங்களையே சந்தேகப்படுகிறீர்களா?’ என்று யாராவது மனம் வருந்தினால், அந்த வருத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, பேசப்படாத தவறு: புகார் கொடுத்ததும் நாம் விலகிவிடுவது. வழக்கை எடுத்துக்கொண்டதிலிருந்து முடிந்தவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் ஆண்டுகள் நீள்கின்றன. அதற்குள் தன்னார்வலருக்கு வேலை மாறிவிடும், ஊர் மாறிவிடும், திருமணம் ஆகிவிடும். வழக்கின்போது குழந்தைக்குத் துணையாக இருக்கக் குழந்தைகள் நலக் குழுமம் நியமிக்கும் துணை நபர் யார், அவர் எண் என்ன என்று குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோமா, இழப்பீட்டுக்கான மனு போயிருக்கிறதா, குழந்தை மீண்டும் பள்ளிக்குப் போகிறதா என்பவற்றைக் குறைந்தது மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். நாம் போகத்தான் வேண்டுமென்றால், ஒரு மாதம் முன்பே குழந்தையிடம் தேதியைச் சொல்லி, அடுத்து வரப்போகும் அக்காவையோ அண்ணனையோ நேரில் அழைத்துவந்து அறிமுகப்படுத்தி, அவர்கள் இருவரும் சேர்ந்து பேசும்போது சில மாலைகள் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டுப் போக வேண்டும்.