ஜிஎஸ்டி சுற்றறிக்கைகளை ஏஐ முகவர் தேடிப் படிக்க ஒரு கருவி

வரி விஷயத்தில் ஏஐ முகவர், அதாவது கருவிகளைப் பயன்படுத்தி நமக்காக வேலை செய்யும் ஏஐ, நினைவிலிருந்து சொல்லும் பதிலை நான் ஏற்பதில்லை. சுற்றறிக்கை எண், தேதி, பத்தி எண் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அது பதில். கோவையில் வரி ஆலோசகர்களுக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். பவுண்டரிக்கோ பம்ப் கம்பெனிக்கோ வந்த நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் பணம் கட்டப்போவது கட்சிக்காரர். ஆகவே எந்த மாடல் உயர்ந்தது என்று அலசுவதற்கு முன்னால், சரியான காகிதத்தை எடுத்துத் தரும் கருவியை அதற்குச் செய்து கொடுங்கள்.

மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் சுற்றறிக்கைகளும் அறிவிக்கைகளும் பிடிஎஃப்களாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து மட்டும் எடுங்கள். தனியார் தளங்களின் சுருக்கங்களைக் கலக்க வேண்டாம். ஸ்கேன் செய்த கோப்புகளுக்கு, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருள் போதும். உண்மையான தொல்லை அட்டவணைகளில் இருக்கிறது. பல சுற்றறிக்கைகளில் இடப்பக்கம் பிரச்சினை, வலப்பக்கம் விளக்கம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். சாதாரணமாக எழுத்தைப் பிரித்தால் இரண்டும் வரிக்கு வரி கலந்துவிடும். வணிகர் எழுப்பிய சந்தேகமே வாரியத்தின் விளக்கமாகப் பதிவாகிவிடும். அட்டவணை உள்ள பக்கங்களைப் பிடிஎஃப்பிளம்பர் என்ற பைத்தான் நிரல் தொகுப்பைக் கொண்டு கட்டம் கட்டமாகப் பிரித்து, பிரச்சினையையும் விளக்கத்தையும் தனித்தனிப் புலங்களில் வையுங்கள்.

பிரித்ததை இத்தனை எழுத்துக்கு ஒரு துண்டு என்று வெட்டாதீர்கள். பத்தி எண்ணே எல்லை. ‘ஆனால்’ என்று தொடங்கும் விதிவிலக்கு அடுத்த துண்டுக்குப் போய்விட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.

இனி நிலை, அதாவது ஒரு சுற்றறிக்கை செல்லுமா, விலக்கப்பட்டதா என்பது. இந்தக் கருவியின் உயிர் இதில்தான் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சேவைகளில் யார் இடைத்தரகர் என்று விளக்கி 18.7.2019 அன்று 107/26/2019 என்ற சுற்றறிக்கை வந்தது. 4.12.2019 அன்று 127/46/2019 அதைத் திரும்பப் பெற்றது, அதுவும் ஆரம்பத்திலிருந்தே இல்லாததாகக் கருதும்படி. 20.9.2021 அன்று 159/15/2021 புதிய விளக்கம் தந்தது. தேடினால் முதலாவதும் அழகாகப் பொருந்தி வரும். அதன் பிடிஎஃப்பை மட்டும் பார்த்தால் அது செத்துவிட்டது என்று தெரியாது. வெளியான தேதி, விலக்கிய தேதி என்று இரண்டு புலங்கள் மட்டும் வைத்தால், 2019 செப்டம்பர் பரிவர்த்தனைக்கு 107 செல்லும் என்றே கருவி சொல்லும். அதனால் ‘இந்தத் தேதியிலிருந்து விலக்கப்பட்டது’, ‘ஆரம்பத்திலிருந்தே விலக்கப்பட்டது’ என்று இரண்டு நிலைகள் தனித்தனியே வேண்டும். நிலையைச் சுற்றறிக்கைக்கு மட்டும் கொடுத்தாலும் போதாது. 135/05/2020-இன் பத்தி 3.2-ஐ 2022 ஜூலையில் 173/05/2022 மாற்றி எழுதியது. மற்றப் பத்திகளை அது தொடவில்லை. நிலை பத்திக்குப் பத்தி இருக்கட்டும்.

ஒவ்வொரு பத்தியுடனும் அது சட்டமா, விதியா, அறிவிக்கையா, சுற்றறிக்கையா என்றும் குறியுங்கள். சட்டத்துக்கு மாறான சுற்றறிக்கை சட்டத்தின் முன் நிற்காது என்று ரத்தன் மெல்ட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. எது எதற்குக் கீழே என்று தெரியாத முகவர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும்.

சேமிக்க எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளமும் அதன் எஃப்டிஎஸ்5 என்ற சொல் தேடல் வசதியும் போதும். பொருளை வைத்துத் தேடும் வெக்டர் தேடலைப் பிறகு சேர்க்கலாம். எண்களைப் பிடிப்பதில் சொல் தேடலே கைகொடுக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: 107/26/2019 என்பதை அப்படியே அனுப்பினால் சாய்கோட்டில் இலக்கணப் பிழை என்று எஃப்டிஎஸ்5 நின்றுவிடும். இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் தொடர்ச்சியான சொற்களாக எடுத்துக்கொண்டு சரியாகத் தேடும். மேற்கோள் போடும் வேலையைக் கருவியே செய்யட்டும்.

முகவருடன் இணைக்க எம்சிபி நெறிமுறை இருக்கிறது. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. இரண்டே செயல்கள் வையுங்கள். ஒன்று தேடும்: தேடுசொல்லையும் பரிவர்த்தனைத் தேதியையும் வாங்கிக்கொண்டு பத்திகளைப் பட்டியலிடும். தேதியைக் கட்டாயமாக்குங்கள், தெரியாவிட்டால் முகவர் கட்சிக்காரரிடம் கேட்கட்டும். மற்றொன்று ஒரு பத்தியை முழுமையாக, நிலையோடும் மூலக் கோப்பின் முகவரியோடும் எடுத்துத் தரும். கேள்வி தமிழில் வந்தாலும் தேடுசொல் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதைச் செயலின் விளக்கக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். ஒன்றும் கிடைக்காதபோது வெறும் பட்டியலைத் திருப்பாதீர்கள். அந்த வெற்றிடத்தை முகவர் தன் நினைவைக் கொண்டு நிரப்பிவிடும். ‘இந்தத் தொகுப்பில் இல்லை, ஊகித்துப் பதில் சொல்லாதே’ என்று வாக்கியமாகவே திருப்புங்கள்.

சோதிக்க, விடை தெரிந்த கேள்விகளையே கொடுங்கள். வணிகர் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தில் எடுத்த உள்ளீட்டு வரி வரவுக்கும் (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு), சப்ளையர்கள் தந்த விவரங்களிலிருந்து உருவாகும் 2ஏ படிவத்தில் தெரிவதற்கும் வித்தியாசம் வந்தால் என்ன செய்வது என்பது நல்ல சோதனை. 2018-19 என்றால் 183/15/2022 வர வேண்டும்: ஒரு சப்ளையரிடம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயைத் தாண்டிய வித்தியாசத்துக்குப் பட்டயக் கணக்காளர் அல்லது செலவுக் கணக்காளர் சான்று, அதுவரை சப்ளையரின் சான்றே போதும். 2020 நவம்பர் என்றால் 193/05/2023 வர வேண்டும். கூடவே, 2ஏ-யில் தெரியாத வரவுக்கு விதி 36(4) வைத்த 10 சதவீத வரம்பும் வர வேண்டும். 2021 பிப்ரவரி என்றால் அதே சுற்றறிக்கை, வரம்பு 5 சதவீதம். 2022 ஜனவரி முதல் என்றால் இரண்டு சுற்றறிக்கைகளுமே வரக்கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 16(2)(ஏஏ) வர வேண்டும். கேள்வியில் தேதியை மட்டும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பதில் மாறாவிட்டால் தேதி வடிகட்டி வேலை செய்யவில்லை.

புதிய சுற்றறிக்கை சேரும்போதெல்லாம் ‘விலக்கப்படுகிறது’, ‘மாற்றப்படுகிறது’, ‘பதிலாக’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் உள்ள வரிகளைத் தனியே வடித்து ஆலோசகரின் மேசைக்கு அனுப்புங்கள். பழைய பத்தியின் நிலையை அவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே தொகுப்பில் மாற்றுங்கள். அந்த ஒரு வேலையை முகவரிடம் விட வேண்டாம்.