ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிவிடாதீர்கள்: பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் திருச்சபை வரலாறு கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வயது வந்ததும் பெற்றோர் சபை வரலாற்றைக் கையில் எடுக்கிறார்கள். அது நல்ல விஷயம். ஜூன் மாதம் வந்தால் புதுக் குடும்பங்கள் தங்கள் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க அக்கா" என்று நீட்டுவார்கள். நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் அவற்றில் அப்படியே இருக்கும். வருடங்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது, வீடியோவைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவது போன்றவை ஓரிரு மாதத்தில் தானாகவே சரியாகிவிடும். தானாகச் சரியாகாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் முடிந்ததும் நேராக 1517

பெரும்பாலான திட்டங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் சில வாரங்கள் பவுலின் பயணங்கள், ரோமப் பேரரசின் உபத்திரவம், அதில் இரத்தசாட்சியாக மரித்த ஆயர் பாலிகார்ப். பிறகு கான்ஸ்டன்டைனுக்கு ஒரு வாரம், "இருண்ட காலம்" என்று ஒரு வாரம். அதற்கடுத்த வாரமே 1517, விட்டன்பர்க், சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர், அவருடைய 95 கருத்துரைகள். நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் காணாமல் போயிருக்கும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பதினைந்து வயதுப் பிள்ளை யோசிக்காமல் இருக்காது. "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன், பாதாளத்தின் வாசல்கள் அதை மேற்கொள்வதில்லை" என்று காலை ஜெபத்தில் வாசிக்கிறோம். மதியம் வரலாற்று வகுப்பில், ஆயிரம் ஆண்டுகள் சபையில் ஒன்றுமே உருப்படியாக நடக்கவில்லை என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. நம்மிடம் கேட்டுவிட்டால் பரவாயில்லை. பல பிள்ளைகள் கேட்பதில்லை.

இப்படிப் படித்த ஒரு பெண் கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களில் எனக்குப் போன் செய்தாள். விடுதித் தோழி ஒரு குறும்வீடியோவைக் காட்டியிருக்கிறாள். நைசியா நகரில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைச் சங்கமாகக் கூட்டி, ஓட்டுப் போட்டு வேதாகமத்தை உருவாக்கினார் என்று அதில் சொல்கிறார்கள். "ஆன்ட்டி, இது உண்மையா?" என்று கேட்டபோது அவள் குரல் நடுங்கியது. அந்தக் கேள்விக்கு மூன்று வரியில் பதில் இருக்கிறது. 325-ல் நைசியாவில் நடந்த விவாதம், குமாரன் படைக்கப்பட்டவர் என்று ஆரியஸ் சொன்னதைப் பற்றியது. நூல்களின் பட்டியலை அந்தச் சங்கம் தீர்மானிக்கவே இல்லை. சுவிசேஷங்கள் நான்குதான் என்று ஆயர் இரேனியஸ் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாதாடியிருக்கிறார். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் 367-ஆம் ஆண்டு ஈஸ்டர் கடிதத்தில் வரிசையாக எழுதியிருக்கிறார்.

கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார் என்பதும் அப்படித்தான். 313-ல் கிடைத்தது வழிபாட்டுச் சுதந்திரம். அரச மதமானது 380-ல், தியோடோசியஸ் காலத்தில். அந்தப் பெண்ணுக்கு இவற்றில் எதையும் யாரும் சொல்லித்தரவில்லை. கான்ஸ்டன்டைனுக்கு ஒதுக்கிய ஒரே வாரமும் வானத்தில் தெரிந்த சிலுவைக் காட்சியிலேயே முடிந்துபோயிருந்தது.

சீர்திருத்தம்தான் முக்கியம் என்று நினைக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: இடைக்காலம் இல்லாமல் லூத்தரே புரியமாட்டார். அவர் அகஸ்டின் துறவற சபையின் துறவி. 430-ல் இறந்த அகஸ்டினிடமிருந்துதான் கிருபையைப் பற்றி அவ்வளவு கற்றுக்கொண்டார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் 12-ஆம் நூற்றாண்டுத் துறவியான பெர்னார்டை விரும்பி மேற்கோள் காட்டுகிறார். லூத்தர் எதிர்த்த பாவத்தண்டனைச் சலுகைச் சீட்டு திடீரென்று முளைத்ததல்ல. 1095-ல் முதல் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்த கிளெர்மோன் சங்கத்தில், பக்தியோடு எருசலேமை விடுவிக்கப் போகிறவனுக்கு அந்தப் பயணமே முழுத் தவமாகக் கணக்கில் வரும் என்று தீர்மானித்தார்கள். அது நானூறு ஆண்டுகளில் பணத்துக்குக் கிடைக்கும் சீட்டாக எப்படி மாறியது என்று படிப்படியாகப் பார்த்த பிள்ளைக்குத்தான் லூத்தரின் கோபம் புரியும். 1415-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் போகேமியப் போதகர் ஜான் ஹஸ்ஸை எரித்த கதையைக் கேட்ட பிள்ளைக்குத்தான், 1521-ல் வோர்ம்ஸ் நகரத்துக்கு விசாரணைக்குப் போக லூத்தருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்று தெரியும்.

வருடத்துக்கு முப்பது வாரம் பாடம் என்றால் பாதியையாவது 400-க்கும் 1500-க்கும் நடுவே செலவழியுங்கள். பெனடிக்டின் மடங்கள், ஸ்லாவிய மக்களுக்காக எழுத்தும் வழிபாடும் உருவாக்கிய சிரில், மெத்தோடியஸ், 988-ல் கீவ் மன்னர் விளாதிமிரின் ஞானஸ்நானம், கிழக்கு, மேற்குச் சபைகளின் 1054 பிளவு, பிரான்சிஸ், அக்குவைனாஸ், விக்லிஃப் என்று எடுத்தால் வாரங்கள் போதாது.

ஐரோப்பாவோடு நிறுத்திவிடுவது

நம் வீடுகளில் பெரும்பாலும் அமெரிக்கப் பாடப்புத்தகங்கள்தான். அவற்றில் இடைக்காலச் சபை என்றால் ரோம், பாரிஸ், இங்கிலாந்து, அவ்வளவுதான். அதே காலத்தில் கீழைத் திருச்சபை பாரசீகத்திலிருந்து சீனா வரை பரவியிருந்தது. 635-ல் அலோபென் என்ற ஊழியர் தாங் பேரரசின் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்ததை, 781-ல் நாட்டிய கல்வெட்டு இன்றும் சியான் நகரில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாக்தாதில் கலீபா அல்-மஹ்தியின் முன்னால் உட்கார்ந்து விசுவாசத்தைப் பற்றிப் பேசினார் முதுபெரும் ஆயர் முதலாம் தீமோத்தேயு. பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் (Galen) நூல்களை சிரியாக்கிலும் அரபியிலும் மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர்.

இந்தக் கிளை நம் பக்கமும் வந்தது. 849-ல் கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற ஆலயத்துக்குக் கொடுத்த செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பஹ்லவி (பழைய பாரசீகம்), எபிரேய எழுத்துகளில். சென்னை பரங்கிமலை ஆலயத்தில் பஹ்லவி எழுத்து பொறித்த கற்சிலுவை இருக்கிறது. போர்ச்சுகீசியர் 1547-ல் அங்கே தோண்டியபோது கிடைத்தது அது. கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் பிள்ளைகள் திகைக்கக் கூடாது. முடிந்தால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சிலுவைப் போர்களை மழுப்புவது

"அந்தக் காலம் அப்படி" என்று கடந்துபோகாதீர்கள். 1096-ல் ஸ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்றார்கள். 1099-ல் எருசலேமில் ரத்தம் ஓடியது. 1204-ல் சிலுவை அணிந்தவர்கள் கான்ஸ்டான்டினோபிளின் கிறிஸ்தவ ஆலயங்களையே கொள்ளையடித்தார்கள். நாம் சொல்லாவிட்டால் இணையம் சொல்லும். பாவத்தைப் பாவம் என்றே சொல்லுங்கள்; தாவீதின் பாவத்தை வேதம் மறைக்கவில்லையே.

அப்புறம் மற்றதையும் சொல்லுங்கள். ஸ்பையர் ஆயர் தன் ஊர் யூதர்களில் பெரும்பாலானோரைக் காப்பாற்றினார். இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிய பெர்னார்டே, யூதர்கள்மேல் கைவைக்கக் கூடாது என்று ரைன் பகுதிக்கு நேரில் போய்த் தடுத்தார். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்ததைப் பற்றிப் பேசுங்கள். அந்த வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். 1219-ல் போர் நடுவே எகிப்தின் சுல்தான் அல்-காமிலைப் போய்ச் சந்தித்த பிரான்சிஸை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"உலகம் தட்டை என்று சபை சொன்னது"

சொல்லவில்லை. பூமி உருண்டை என்று 725-லேயே துறவி பீட் எழுதியிருக்கிறார்.

கத்தோலிக்கரைத் திட்டுவது

வேண்டாம். எங்கே வேறுபடுகிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், போதும். பிள்ளையின் சித்தப்பா வீடே கத்தோலிக்க வீடாக இருக்கலாம்.

எழுத்துத் தேர்வு

அதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

மூல எழுத்தைத் தொடாமலே வருடத்தை முடிப்பது

பாடப்புத்தகம் அயர்லாந்தில் சுவிசேஷம் அறிவித்த பாட்ரிக்கைப் பற்றிப் பேசும். பாட்ரிக்கைப் பேச விடாது. அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய அறிக்கை (Confessio) ஒரே உட்காரலில் வாசித்துவிடக்கூடிய அளவுதான். ஏறக்குறைய பதினாறு வயதில் கடத்தப்பட்டு அயர்லாந்துக்குப் போனது, ஆறு ஆண்டுகள் அடிமையாக மந்தை மேய்த்தது, அங்கேதான் ஜெபிக்கத் தொடங்கியது என்று தானே சொல்கிறார். தன் படிப்பு பாதியில் நின்றதை நினைத்து வெட்கப்படுகிறார். ஷாம்ராக் இலையைக் காட்டித் திரித்துவத்தை விளக்கிய கதையும் பாம்புகளை விரட்டிய கதையும் அதில் கிடையாது. ஏன் இல்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இடைக்காலத்தின் முதல் வாரத்தை அதோடு தொடங்குங்கள். சத்தமாக, ஆளுக்கு ஒரு பத்தியாக வாசிக்கட்டும்.