நம் ஊர்க் கறியில் ரெண்டாங், கப்ரித்தோ, அடோபோ

வெளிநாட்டுச் சமையல் குறிப்பை வரி பிசகாமல் பார்த்துச் செய்தும் கறி ரப்பராகிப் போனால், தப்பு பெரும்பாலும் மசாலாவில் இல்லை, கறி வாங்கிய நேரத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்புகளில் வருவது அறுத்துச் சில நாள் குளிரில் இருந்த கறி. ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் நமக்குக் கிடைப்பது விடியற்காலை அறுத்த வெள்ளாடு. அறுத்த சில மணி நேரத்தில் தசை இறுக ஆரம்பிக்கும். ஒரு நாள் போனால்தான் மெல்ல இளகும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாங்கிப் பதினொரு மணிக்கு அடுப்பில் ஏற்றுகிறோமே, அது நன்றாக இறுகிக் கிடக்கும் நேரம். குழம்பில் நெடுநேரம் கொதிப்பதால் அந்தக் குறை மறைந்துவிடும். கரியில் சுட்டால் முதல் கடியிலேயே தெரியும்.

அதனால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். கழுவாமல், சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 24 மணி நேரம் வையுங்கள். ஃப்ரீசரில் போடாதீர்கள். இறுகி இளகுவதற்குள் உறைந்துபோன கறி, உறைநிலை விடும்போது சுருண்டு, சாறெல்லாம் வடிந்து, முன்னைவிடக் கெட்டியாகிவிடும்.

முதலில் ரெண்டாங். சுமத்ராவின் மேற்குப் பகுதியில் வாழும் மினாங்கபாவ் மக்களின் சமையல் இது. அங்கே பெரும்பாலும் மாட்டிலோ எருமையிலோ செய்வார்கள், ஆட்டிலும் உண்டு. பார்ப்பதற்குக் கறி வறுவல் மாதிரி இருந்தாலும் வேலையின் போக்கு வேறு. தேங்காய்ப்பாலில் கறியை வேகவைத்து, பால் வற்றி எண்ணெய் பிரிந்ததும், அந்த எண்ணெயிலேயே கறியைக் கருக வறுப்பதுதான் ரெண்டாங். கீழக்கரையில் தொதல் கிண்டிப் பழகிய கைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பால் சுண்டும் சத்தம், ஓரத்தில் எண்ணெய் கசியும் அடையாளம், அடிபிடிக்கும் முன் வரும் வாசனை எல்லாம் அதே தேங்காய்ப்பாலின் குணம்.

ஒரு கிலோ கறிக்குக் கணக்கு இது. தொடையும் முன்னங்கால் சப்பையும் கலந்து, எலும்பில்லாமல், இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். சின்னதாக வெட்டினால் கடைசியில் நாராகிவிடும். நன்றாக முற்றிய தேங்காய் மூன்று. முதல் பால் அரை லிட்டர், இரண்டாம் பால் ஒரு லிட்டர். அரைக்க, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 10 பல், இஞ்சி 25 கிராம், மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன், முண்டு மிளகாய் 20. மிளகாயை விதை உதறி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து அரையுங்கள். சுமத்ராவில் பச்சையான சிவப்பு மிளகாயைக் கை நிறையப் போடுவார்கள். அந்தச் சதைப்பற்றுக்கு ஈடு கொடுப்பது தோல் தடித்த நம் முண்டுதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே ராமநாதபுரம் முண்டு. நீள மிளகாயைப் போட்டால் காரம் ஏறும், கனம் வராது.

வாசனைக்கு அங்கே பச்சைப் பேரரத்தை போடுவார்கள். அது கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக்கடைச் சித்தரத்தை 5 கிராம் இடித்துப் போடுங்கள். காய்ந்தது என்பதால் அதற்கு மேல் போனால் கஷாய வாடை அடிக்கும். எலுமிச்சைப்புல் மூன்று தண்டு, அடித்தண்டை மட்டும் நசுக்கிப் போட வேண்டும். நாரத்தை இலை நான்கு. பொங்கல் சமயமாக இருந்தால் மஞ்சள் இலை ஒன்றை முடிந்து போடுங்கள், சுமத்ராவிலும் அதைப் போடுகிறார்கள். புளிப்புக்குக் குடம்புளி ஒரு சுளை, உப்பு இரண்டு டீஸ்பூன்.

மசாலாவை வதக்க வேண்டாம். அடி கனத்த, வாய் அகன்ற பாத்திரத்தில் இரண்டாம் பால், அரைத்தது, இலைகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதி வரும்வரை கரண்டி நிற்காமல் கிண்டுங்கள். கிண்டாமல் விட்டால் பால் திரிந்து மசாலா திப்பி திப்பியாக நிற்கும். கொதித்த பின் கறியைப் போட்டு, மூடாமல், நடுத்தரத் தீயில் ஒரு மணி நேரம். பிறகு முதல் பாலும் உப்பும் குடம்புளியும். இன்னும் ஒரு மணி நேரத்தில் பழுப்பு நிறக் குழம்பாகக் கெட்டிப்படும். இந்தப் பக்குவத்துக்குக் கலியோ என்று பெயர். பலர் இங்கேயே அடுப்பை அணைத்துவிட்டு ரெண்டாங் என்கிறார்கள். அது ருசியான குழம்புதான், ஆனால் ரெண்டாங் ஆகவில்லை.

இந்த இடத்தில் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பாருங்கள். கறி முக்கால்வாசிக்கு மேல் வெந்திருக்க வேண்டும். பாலில் தண்ணீர் இருக்கும் வரைதான் கறி வேகும். தண்ணீர் போய் எண்ணெய் மிஞ்சிய பிறகு வறுபட மட்டுமே செய்யும், அப்போது வேகாத கறி இன்னும் இறுகும். முற்றிய கிடாவாக இருந்து வேகவில்லை என்றால் ஒரு டம்ளர் வெந்நீர் விட்டு, மூடி, அரை மணி நேரம் கொடுங்கள். திரும்பப் பால் ஊற்றாதீர்கள், எண்ணெய் மிதந்து திகட்டிவிடும். நேரம் மிச்சம் என்று ஆரம்பத்திலேயே குக்கரில் விசில் விட்டால், கடைசி வறுப்பில் கறி உதிர்ந்து தூளாகும்.

இனி தீ சிம்மில். ஓரத்தில் எண்ணெய் முத்து முத்தாகக் கசியும், கொதிக்கும் சத்தம் போய்ச் சலசலவென்று பொரியும் சத்தம் வரும். இங்கிருந்து முக்கால் மணி நேரம், நகராமல், மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிப் புரட்டுங்கள். அடிபிடித்துவிட்டால் சுரண்டக் கூடாது. மேலாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அடியில் ஒட்டியது அங்கேயே கிடக்கட்டும். மசாலா கறியை அப்பிக்கொண்டு, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தால் இறக்கலாம். கருப்பட்டி ஒரு சிறு துண்டு சேர்ப்பதும், வறுத்து அரைத்த தேங்காய் சேர்ப்பதும் மலேசியப் பழக்கம். சேர்ப்பதானால் கடைசிக் கால் மணி நேரத்தில். மறுநாள்தான் ருசி கூடும். வெளியே பல நாள் கெடாது என்று சொல்வார்கள், ஆனால் நம் கடற்காற்றின் ஈரத்தில் அதை நம்பாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது கப்ரித்தோ. மெக்சிகோவின் வடக்கே, மான்டெர்ரே நகரத்துப் பக்குவம். ஆட்டுக்குட்டி, உப்பு, தணல், அவ்வளவுதான். அங்கே தணலுக்கு எரிப்பது மெஸ்கீட் என்ற முள்மரம். நம் மாவட்டம் முழுக்கப் படர்ந்திருக்கும் சீமைக்கருவேலத்துக்கு அது நெருங்கிய பங்காளி. சீமைக்கருவேலத்தின் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான். ஆக, இதற்கு வேண்டிய கரி கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. கரிதான் வேண்டும், பச்சை விறகு ஆகாது. அதன் புகை கறியில் கசப்பேற்றும்.

அவர்கள் எடுப்பது பால்குடிக் குட்டி. இங்கே ஆறு மாதத்துக்கு உட்பட்ட வெள்ளாட்டுக் குட்டியின் தொடை, ஒரு கிலோ அளவில், ஒரு நாள் ஃபிரிட்ஜில் இருந்தது போதும். சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்றரை டீஸ்பூன் கல்லுப்பைப் பொடித்துத் தேயுங்கள். சீமைக்கருவேலங்கரி சூடு அதிகம், பற்றும்போது பொறி பறக்கும். தணல் மேல் வெண்சாம்பல் பூக்கும் வரை கறியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிறகு தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, கறியை மறுபக்கம், கம்பிவலை மேல் முக்கால் அடி உயரத்தில் வையுங்கள். நேர் மேலே வைத்தால் கொழுப்பு சொட்டித் தீ எழும்பும், வெளியே கரியும், எலும்போரம் ரத்தமாக நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, உப்புத் தண்ணீர் தெளித்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எலும்பு வரை கத்தியைச் செருகினால் தெளிந்த சாறு வர வேண்டும். இறக்கிப் பதினைந்து நிமிடம் விட்டு வெட்டுங்கள். தணலில் சுட்ட தக்காளி, வெங்காயம், இரண்டு முண்டு மிளகாயை அம்மியில் உப்போடு தட்டி வைத்தால் தொட்டுக்கொள்ள வேறொன்றும் வேண்டாம்.

அடோபோ சுலபம். பிலிப்பைன்ஸ் வீடுகளில் அடிக்கடி செய்வது. ஒரு கிலோ கோழிக்கு வினிகர் 120 மில்லி, சோயா சாஸ் 80 மில்லி, நசுக்கிய பூண்டு 12 பல், மிளகு ஒரு டீஸ்பூன், பிரிஞ்சி இலை இரண்டு. அங்கே தென்னங்கள்ளில் புளிக்கவைத்த காடியும் ஊற்றுவார்கள், அது சாது. நம் கடை வெள்ளை வினிகர் முரடு, 80 மில்லியோடு நிறுத்தி மீதிக்குத் தண்ணீர் விடுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் சரி, புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். எல்லாவற்றையும் சேர்த்து அடுப்பில் வைத்த பின், கொதி வந்து பத்து நிமிடம் ஆகும்வரை மூடவும் வேண்டாம், கிண்டவும் வேண்டாம். வினிகரின் நெடி வெளியேறட்டும். பிராய்லர் என்றால் மொத்தம் நாற்பது நிமிடம், நாட்டுக்கோழி என்றால் இன்னும் ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு ஒன்றேகால் மணி நேரம். வெந்த துண்டுகளைத் தனியே எடுத்து எண்ணெயில் சிவக்க விட்டு, சாற்றைச் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள். உப்பைச் சாறு சுண்டிய பிறகே ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும், பல நேரம் சோயாவில் இருப்பதே போதுமானதாக இருக்கும்.