படலையில் எழுதிய இலக்கம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் 18 வீடுகள். போன மாரியில் ஒரு நாள் நடுச்சாமம், பக்கத்து வீட்டு மாமிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸுக்கு உடனே அழைத்தேன். வண்டி வேகமாகத்தான் வந்தது. ஆனால் எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போய், அடுத்த குறுக்கு வீதிக்குள் நின்றது. மழைக்குள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். மாமி பிழைத்துக்கொண்டா. எனக்குத்தான் அன்றிரவு நித்திரை இல்லை.

விடிந்ததும் பார்த்தேன். பாதிப் படலைகளில் இலக்கமே இல்லை. இருந்ததும் துருப்பிடித்து, செவ்வரத்தைச் செடிக்குள் மறைந்து கிடந்தது. ஒழுங்கை முகப்பில் பெயர்ப் பலகையும் இல்லை, முதல் கம்பத்து லைட்டும் எரியவில்லை.

அந்த ஞாயிறே வீடு வீடாகப் போனேன். வீட்டுக்கு 300 ரூபாய் சேர்த்து, வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கரில் இலக்கம் வெட்டி, காரின் ஹெட்லைட் படும் உயரத்தில் ஒட்டினோம். பெயர்ப் பலகைக்கும் லைட்டுக்கும் கிராம சேவகரிடம் கதைத்துவிட்டு, எல்லோரும் கையெழுத்து வைத்து மாநகர சபைக்குக் கடிதம் கொடுத்தோம். நீங்களும் இப்படிக் கடிதம் கொடுத்தால், அதில் கம்பத்து இலக்கத்தை மறக்காமல் எழுதுங்கள். லைட் போட வருகிறவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. லைட் வரும்வரை முதல் வீட்டு அண்ணன் தன் மதிலில் ஒரு பல்ப் போட்டுவிட்டார்.

இப்போது 1990, பொலிஸின் 119 இரண்டையும், மாமி வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதி அவவின் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பதற்றத்தில் சொந்த முகவரிகூட வாயில் வராது.