பிள்ளை அமெரிக்காவில், வீடு கோத்தகிரியில்: உறவு விட்டுப்போகாமல் இருக்க

முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். பாதி மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது. நியூயார்க், நியூஜெர்சி பக்கம் இருப்பவர்களுக்கு ஞாயிறு காலை 9.30 தோதான நேரம். கோடையில் அது நமக்கு இரவு 7 மணி. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நமக்கு 8 மணி. கலிபோர்னியா என்றால் நம் ஞாயிறு காலை 8 மணி அவர்களுக்குச் சனி மாலை 7.30, குளிர்காலத்தில் 9 மணிக்குக் கூப்பிடுங்கள். நியூயார்க் பக்கம் குளிர்காலத்திலும் பழைய நேரத்துக்கே அழைத்தால் தூக்கக் கலக்கத்தில் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவார்கள், இங்கே நமக்கு மனசு கனத்துப்போகும். அதே நவம்பரில்தான் குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு மழையும் கொட்டும். கரண்ட் போகலாம் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கல்யாணப் பேச்சு. அமெரிக்காவில் முதல் திருமண வயது இப்போது ஆண்களுக்குச் சுமார் 30, பெண்களுக்கு 28. எனவே ஒவ்வொரு போனிலும் கேட்காதீர்கள். ஒரே முறை, நேராக: "நாங்க பார்க்கணுமா, நீயே பார்த்துக்கறியா?" பதில் வந்ததும் விட்டுவிடுங்கள். தினமும் கேட்டால் முதலில் போன் குறையும், பிறகு உண்மை குறையும்.

"பார்ட்னர்" என்று சொன்னால், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவராக இருக்கலாம். அங்கே அது சாதாரணம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் செய்வது 2015 முதல் நாடு முழுவதும் சட்டப்படி செல்லும். திகைப்பு வருவது இயல்புதான். ஆனால் அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பெயரைக் கேளுங்கள், சரியாக உச்சரிக்கப் பழகுங்கள், அடுத்த வாரம் பெயர் சொல்லி விசாரியுங்கள். "சொந்தக்காரங்ககிட்ட என்ன சொல்லட்டும்?" என்பதையும் பிள்ளையிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள். ஊர்க் கல்யாணப் பந்தியில் நாம் அவசரப்பட்டு உளறியது வாட்ஸ்அப்பில் அங்கே போய்ச் சேர்ந்தால், அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது கடினம்.

விவாகரத்து என்றால் "யார் மேல தப்பு?" என்று தோண்டாதீர்கள். தப்பை நிரூபிக்காமலே பிரியும் முறை கலிபோர்னியாவில் 1970-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று எல்லா மாநிலங்களிலும் உண்டு. பேரக்குழந்தை பல வீடுகளில் நாள் பிரித்து இருவரிடமும் வளரும். குழந்தை உங்கள் பிள்ளையிடம் இருக்கும் நாட்களைக் கேட்டுக் காலண்டரில் வட்டமிட்டு, அன்றே பேசுங்கள்.

பிரசவத்துக்குப் போகிறீர்களா? அங்கே மத்திய அரசின் சட்டம் தருவது 12 வாரச் சம்பளமில்லா விடுப்புதான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். விசா 10 ஆண்டுக்கு இருந்தாலும் ஒரு பயணத்தில் பெரும்பாலும் 6 மாதம்தான் தங்க விடுவார்கள். அங்கே நுழையும்போது உங்கள் பெயரில் போடும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதிதான் கணக்கு. மருத்துவக் காப்பீட்டைக் கிளம்பும் முன்பே எடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குப் பல பாலிசிகள் முழுதாகத் தராது, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டும் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். வர்க்கியும் டீத்தூளும் கொண்டுபோகலாம், இறங்கியதும் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். தோட்டத்துப் பழம், செடி, விதை வேண்டாம்.