வேர்க்குழாயைக் கழுவும் முறை: எந்தத் திரவம், எந்த வரிசையில்?

ரூட் கெனால் சிகிச்சையில், ஃபைல் என்னும் அரம் போன்ற மெல்லிய கருவி பல்வேரின் உள்ளே இருக்கும் குழாய்க்கு வடிவம் கொடுக்கிறது. அதைச் சுத்தம் செய்வது திரவம்தான். வேர்க்குழாய் பல இடங்களில் நீள்வட்டமாகவோ தட்டையாகவோ இருப்பதால், எவ்வளவு கவனமாக இயக்கினாலும் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஃபைல் படாமலேயே விடுபட்டுப் போவதை நுண் சிடி ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே ஒட்டியிருக்கும் பல்கூழ் எச்சத்தையும் கிருமிகளையும் திரவம்தான் எட்ட வேண்டும்.

பல்லை வாயின் மற்றப் பகுதியிலிருந்து பிரித்துவைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் பொருத்தாமல் சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கையில் எடுக்கக் கூடாது. 0.5 முதல் 5.25 சதவீதம் வரையிலான செறிவுகளில் பயன்படும் இத்திரவம் கிருமிகளைக் கொல்வதோடு திசுவையும் கரைக்கிறது. மற்றொரு கிருமிநாசினியான குளோர்ஹெக்ஸிடினுக்கு இந்தக் கரைக்கும் திறன் இல்லை. எந்தச் செறிவு சிறந்தது என்ற விவாதம் நெடுநாளாக நடக்கிறது. திசுவைத் தொட்டவுடன் குளோரின் செலவாகிவிடுவதால், செறிவைக் கூட்டுவதைவிட ஒவ்வொரு ஃபைலுக்குப் பிறகும் புதிய திரவம் செலுத்துவதே முக்கியம் என்பது என் கருத்து.

பக்கத்துளையுள்ள 30 கேஜ் ஊசியில் ரப்பர் ஸ்டாப்பரை மாட்டி, வேலை நீளத்துக்கு (ஃபைல் இறங்க வேண்டிய, அளந்து வைத்த ஆழத்துக்கு) 1 அல்லது 2 மில்லிமீட்டர் குறைவாக நிறுத்துங்கள். இவ்வகை ஊசியிலிருந்து வரும் திரவம் முனையைத் தாண்டி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் புதுப்பிக்கப்படுகிறது. ஊசி பாதி வழியில் நின்றால் வேர்நுனிப் பகுதி கழுவப்படாமலேயே இருக்கும். ஊசியின் வெளிவிட்டமே சுமார் 0.3 மில்லிமீட்டர் என்பதால், நுனியை 30 அல்லது 35 எண் ஃபைல் (0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர்) வரை விரிவாக்கியிருந்தால்தான் அது சிக்காமல் இறங்கும். சிரிஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தாமல் ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தி, ஊசியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள்.

ஃபைல் சீவிய டென்டின் (குழாய்ச் சுவராக இருக்கும் பல்லின் கடினத் திசு) துகள்கள் சுவரில் ஸ்மியர் படலம் எனப்படும் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதன் கனிமப் பகுதியை ஹைப்போகுளோரைட் கரைக்காது. வடிவமைப்பு முடிந்தபின் கனிமத்தை அகற்றும் 17 சதவீத ஈ.டி.டி.ஏ. திரவத்தை ஒரு நிமிடம் வைத்தால் போதும். நெடுநேரம் வைத்தால் டென்டினே அரிக்கப்படும். திரவங்களை ஒன்றோடொன்று கலக்க விடாதீர்கள்: ஈ.டி.டி.ஏ. கலந்தால் ஹைப்போகுளோரைட்டின் குளோரின் வீணாகும், குளோர்ஹெக்ஸிடின் கலந்தால் செம்பழுப்பு வீழ்படிவு உண்டாகி டென்டின் நுண்குழல்களை அடைக்கும். இடையிடையே சலைனால் (உப்புநீரால்) கழுவி, பேப்பர் பாயிண்ட் என்னும் ஈரம் உறிஞ்சும் காகிதக் கூம்பால் உலர்த்துங்கள்.

நுனியில் காற்றுக்குமிழி தங்கித் திரவத்தைத் தடுப்பதுண்டு. குழாய்க்குப் பொருந்தும் கட்டா பெர்ச்சா கோனை (குழாயை அடைக்கப் பயன்படும் ரப்பர் போன்ற கூம்பை) 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் நிமிடத்துக்கு நூறு முறை இயக்கினால் அந்தக் குமிழி உடையும். அல்ட்ராசோனிக் முனை இருந்தால், 20 விநாடி வீதம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிய திரவத்தோடு இயக்கலாம்.

சலைன், மரப்பு மருந்து, ஹைப்போகுளோரைட் என எல்லாமே சிரிஞ்சுக்குள் தண்ணீர் போலத்தான் தெரியும்; ஒவ்வொன்றிலும் பெயரை ஒட்டிவையுங்கள். மரத்துப்போன பல்லிலும் நோயாளி திடீரெனக் கடும் வலியில் துடித்து, குழாயில் இரத்தம் பெருகி, கன்னம் நிமிடங்களில் வீங்கினால், ஹைப்போகுளோரைட் வேர்நுனியைத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். உடனே நிறுத்திச் சலைனால் கழுவி, இரத்தம் வடிய விட்டு, வலிநிவாரணியும் முதல் நாள் குளிர் ஒத்தடமும் கொடுங்கள். மூச்சுத்திணறலோ கண்ணருகே பரவும் வீக்கமோ தெரிந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.