ஊபா வழக்கில் ஜாமீன் தள்ளுபடியா? ஜூனியர்கள் இடறும் இடம்

போன வாரம் ஹைகோர்ட் வராண்டாவில் ஒரு ஜூனியர் வக்கீல் என்னிடம் ஒரு வழக்குக் கட்டைக் காட்டி, "சரியா இருக்கா சார்?" என்றார். ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், UAPA) வழக்கு, கீழ்க்கோர்ட்டில் ஜாமீன் தள்ளுபடி. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே பக்கத்தை நானும் ஒரு காலத்தில் தயாரித்திருக்கிறேன்.

கோர்ட் ஃபீ, வக்காலத்துக் கையெழுத்தெல்லாம் குமாஸ்தா பார்த்துக்கொள்வார். அவரால் பிடிக்க முடியாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மேல்முறையீட்டுக்குப் பதில் ஜாமீன் மனு

ஊபா மத்தியச் சட்டம். ஆனால் பிடித்தது உள்ளூர் போலீஸ், வழக்கு நடப்பது மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில். அதனால் கொலை வழக்கில் செய்வதுபோல, ஹைகோர்ட்டில் தனி நீதிபதி முன் புதிதாக ஜாமீன் மனு போடக் கை தானாகப் போகும்.

அந்த வழி இங்கே செல்லாது. என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) சட்டத்தின் அட்டவணையில் ஊபாவும் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி ஜாமீன் மறுத்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடுதான் போடவேண்டும். கேட்பது இரு நீதிபதிகள் அமர்வு. கெடு 30 நாள். "என்.ஐ.ஏ. விசாரிக்கவே இல்லையே" என்று வாதாடிப் பயனில்லை. மாநிலப் போலீஸ் விசாரித்தாலும் சிறப்பு நீதிமன்றம்தான், அது இல்லாத இடத்தில் செஷன்ஸ் கோர்ட் என்று பிக்ரம்ஜித் சிங் வழக்கில் 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தக் காலத்தில் நான் போட்ட ஜாமீன் மனுவுக்கு நம்பரும் ஆனது, இரண்டு வாய்தாவும் போனது. மூன்றாவது வாய்தாவில் அரசு வக்கீல் எழுந்து 21-ஆம் பிரிவைப் படித்தார். ஐந்து நிமிடத்தில் மனுவை வாபஸ் வாங்கினேன். சிறையிலிருந்த என் கட்சிக்காரப் பையனுக்கு மாற்றுத்துணி வைத்த மஞ்சள்பையோடு அவன் அப்பா தூணோரம் நின்றிருந்தார். அன்றைக்கே 30 நாள் தாண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு தனி மனு போட்டு, அதற்கே இன்னும் இரண்டு மாதம் பையன் உள்ளே கிடந்தான். அந்தப் பிரிவு சொல்லும் கடைசி வரம்பான 90 நாளும் தாண்டியிருந்தால்? அதை மன்னிக்கலாமா என்பதில் ஹைகோர்ட்டுகளே இரண்டு விதமாகத் தீர்ப்பு சொல்லியிருக்கின்றன. உங்கள் கட்சிக்காரரை வைத்து அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

அந்த ஜூனியருக்கு இன்னும் 11 நாள் மிச்சமிருந்தது.

சி.பி.ஐ. வழக்கில் மாநில அரசை நம்புவது

எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையானால் மாநில அரசு மேல்முறையீடு போடும் என்று புகார்தாரரிடம் சொல்லாதீர்கள். லாலு பிரசாத் வழக்கில் பீகார் அரசு போட்டது செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் அந்த உரிமை மத்திய அரசுக்குத்தான்.

நகல் மனு

உத்தரவின் நகல் கேட்கும் மனுவை, உத்தரவு வந்த அன்றே போடுங்கள். நகல் தயாராக ஆகும் நாள் கெடுக் கணக்கில் சேராது, நீங்கள் தூங்கிய நாள் சேரும்.